அமில–காரத் தரம் பார்த்தல்: பருமனைக் கணக்கிட ஒரு முழு வழிகாட்டி

தரம் பார்த்தலில், அதாவது செறிவு தெரிந்த கரைசலைக் கொண்டு தெரியாத கரைசலின் செறிவைக் கண்டுபிடிப்பதில், வாய்பாடு தெரியாமல் தோற்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. வி1 × என்1 = வி2 × என்2 (வி என்பது பருமன், என் என்பது செறிவு) என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுகிறார்கள். தடுமாற்றம் வேறு இடத்தில் வருகிறது. எந்தப் பருமன் எந்தக் கரைசலுடையது, செறிவு எந்த அலகில் இருக்கிறது, நடுவில் எத்தனை மடங்கு நீர்த்தோம் என்பவை கலங்கிப்போகின்றன. பிளஸ் டூ செய்முறைத் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கும், கல்லூரி முதலாண்டில் இருப்பவர்களுக்கும், சென்னையைச் சுற்றியுள்ள தொழிற்சாலை ஆய்வகங்களில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் இந்த வழிகாட்டி.

இதில் நான் விடாமல் வற்புறுத்துவது ஒன்றைத்தான்: பியூரெட்டை (திருகு வைத்த அளவுக் குழாய்) திறக்கும் முன்பே, எத்தனை மி.லி.யில் முடிவுநிலை (அமிலமும் காரமும் சரிக்குச் சரி தீர்ந்ததை நிறமாற்றம் காட்டும் இடம்) வரும் என்று கணக்கிட்டு நோட்டில் எழுதிவையுங்கள். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த எண்ணுக்கு நம்மை அழைத்துப்போவதற்கும், பிறகு கிடைத்த எண்ணை அதோடு ஒப்பிடுவதற்கும்தான்.

1. தொடங்குமுன் என்ன வேண்டும்

50 மி.லி. பியூரெட், 20 மி.லி. பிப்பெட் (குறித்த அளவை உறிஞ்சி எடுக்கும் குழாய்), அதற்கு ரப்பர் பல்பு, 250 மி.லி. திட்டக் குடுவை (கழுத்தில் அளவுக் குறி உள்ளது), இரண்டு மூன்று கூம்புக் குடுவைகள், வெள்ளைப் பீங்கான் ஓடு அல்லது ஒரு வெள்ளைத் தாள். தராசு குறைந்தது 0.01 கிராம் வரை காட்ட வேண்டும்; 0.001 காட்டினால் நல்லது. சொந்தமாக வாங்குகிறவர்களுக்குப் பாரிமுனைப் பக்கம் ஆய்வகக் கண்ணாடிப் பொருள் விற்கும் கடைகளில் எல்லாமே கிடைக்கும். பியூரெட் வாங்கும்போது திருகு பிளாஸ்டிக்கில் இருக்கும்படி பார்த்து வாங்குங்கள். கண்ணாடித் திருகில் சோடியம் ஹைட்ராக்சைடு தங்கிவிட்டால் இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

தண்ணீர் விஷயத்தில் பலர் அலட்சியமாக இருக்கிறார்கள். வாலை வடிநீர்தான் வேண்டும். கேன் தண்ணீர் சுத்தமான குடிநீராக இருக்கலாம். ஆனால் அதில் பைகார்பனேட்டும் கொஞ்சம் கால்சியமும் இருக்கும். பைகார்பனேட் அமிலத்தைத் தின்னும். கால்சியமோ, நம் கணக்குக்கு அடிப்படையாக வைக்கப்போகும் ஆக்சாலிக் அமிலத்தோடு சேர்ந்து கால்சியம் ஆக்சலேட்டாக வீழ்படியும். ஆக்சாலிக் அமிலத்தைக் கரைக்கும்போது கரைசல் லேசாக வெண்மையாகக் கலங்கினால், தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். அந்தக் கரைசலைக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குவதே சரி.

2. சமன்பாட்டை எழுதி விகிதத்தைக் குறியுங்கள்

முதல் வேலை பேனாவுக்கு. ஒரு மோல் (மூலக்கூறு எடை அளவு கிராம்) அமிலத்துக்கு எத்தனை மோல் காரம் வேண்டும் என்பதை எழுதுங்கள்.

ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கும் அசிட்டிக் அமிலத்துக்கும் ஒன்றுக்கு ஒன்று. சல்பியூரிக் அமிலத்துக்கும் ஆக்சாலிக் அமிலத்துக்கும் ஒன்றுக்கு இரண்டு சோடியம் ஹைட்ராக்சைடு. அசிட்டிக் அமில மூலக்கூறில் நான்கு ஹைட்ரஜன் அணுக்கள் இருந்தாலும் வினையில் விடுபடுவது ஒன்றுதான். வாய்பாட்டில் உள்ள ஹைட்ரஜனை எல்லாம் எண்ணுவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு.

சோடியம் கார்பனேட்டில் ஒரு சிக்கல் உண்டு. அதை அமிலத்தால் தரம் பார்க்கும்போது மெத்தில் ஆரஞ்சு என்ற நிறங்காட்டியை (முடிவுநிலையை நிறமாற்றத்தால் காட்டும் பொருள்) போட்டால் ஒரு மோலுக்கு இரண்டு மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் செலவாகும். பினாப்தலீன் போட்டால் பைகார்பனேட் நிலையிலேயே நிறம் போய்விடும். செலவாவது ஒரு மோல் மட்டுமே. ஆக, விகிதம் என்பது வினைபொருளை மட்டும் பார்த்து எழுதுவதல்ல. நிறங்காட்டியையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். பருமன் சரியாகப் பாதியில் நின்றுபோனால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

3. மோலாரிட்டியா, நார்மாலிட்டியா? ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்

லிட்டருக்கு எத்தனை மோல் என்பது மோலாரிட்டி; எத்தனை சமான எடை என்பது நார்மாலிட்டி. வி1 × என்1 = வி2 × என்2 என்பது நார்மாலிட்டிக்கு மட்டுமே எப்போதும் பொருந்தும். ஒரு மோலுக்கு எத்தனை ஹைட்ரஜன் அயனி என்ற விவரம் சமான எடைக்குள்ளேயே (மூலக்கூறு எடையை அந்த எண்ணிக்கையால் வகுத்தது) அடங்கிவிடுகிறது. அதனால் இரண்டு பக்கமும் நேராகச் சமமாகின்றன. என் இடத்தில் மோலாரிட்டியைப் போட்டால், விகிதம் ஒன்றுக்கு ஒன்றாக இருக்கும்போது தப்பிக்கலாம். சல்பியூரிக் அமிலம் வந்ததும் மாட்டிக்கொள்வீர்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. 0.05 மோலார் சல்பியூரிக் அமிலம் 20 மி.லி. உள்ளது. அதற்கு 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு எவ்வளவு வேண்டும்? மோலாரிட்டியை அப்படியே வாய்பாட்டில் போட்டால் 10 மி.லி. என்று வரும். உண்மையில் அமிலம் 20 × 0.05 = 1 மில்லிமோல். அதற்குக் காரம் 2 மில்லிமோல். 2 ÷ 0.1 = 20 மி.லி. அதே அமிலத்தை 0.1 நார்மல் என்று எழுதியிருந்தால் 20 × 0.1 = வி × 0.1 என்று நேராகவே 20 மி.லி. வந்திருக்கும்.

பள்ளிச் செய்முறையில் நார்மாலிட்டியே வசதி. தொழிற்சாலை, ஆராய்ச்சி ஆய்வகங்களில் மோலாரிட்டி கேட்பார்கள்; அங்கே மில்லிமோல் வழியில் போங்கள். மி.லி. × மோலாரிட்டி = மில்லிமோல். அதைச் சமன்பாட்டு விகிதத்தால் பெருக்கி, மற்றக் கரைசலின் மோலாரிட்டியால் வகுத்தால் பருமன் வந்துவிடும். எது உங்கள் வழியானாலும் சரி, ஒரே கணக்கில் இரண்டையும் கலக்காதீர்கள். நோட்டில் எண் எழுதும் ஒவ்வொரு முறையும் பக்கத்தில் அலகையும் எழுதுங்கள். வெறும் 0.1 என்று எழுதிய இடத்தில்தான் பின்னால் குழப்பம் வரும்.

4. எதிர்பார்க்கும் பருமனைக் கணக்கிடுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப்போகிறார்கள். என் பார்வையில் இதற்கு ஈடான படி வேறில்லை.

மளிகைக் கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகரை எடுத்துக்கொள்வோம். பாட்டிலில் அசிட்டிக் அமிலம் 4 சதவீதம் என்று போட்டிருக்கிறது. 100 மி.லி.க்கு 4 கிராம் என்று எடுத்துக்கொண்டால் லிட்டருக்கு 40 கிராம். மூலக்கூறு எடை 60.05. ஆக 40 ÷ 60.05 = 0.666 மோலார். இதில் 20 மி.லி. எடுத்து 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடால் தரம் பார்த்தால் எவ்வளவு செலவாகும்? 20 × 0.666 ÷ 0.1 = 133 மி.லி.

பியூரெட்டின் கொள்ளளவோ 50 மி.லி. கணக்கிடாமல் தொடங்கியவர் இரண்டு முறை பியூரெட்டை நிரப்பிவிட்டு, நிறம் வரவே இல்லையே, நிறங்காட்டி கெட்டுப்போயிற்றோ என்று குழம்பி நிற்பார். கணக்கிட்டவர் வினிகரைப் பத்து மடங்கு நீர்த்திருப்பார். 25 மி.லி. வினிகரைத் திட்டக் குடுவையில் 250 மி.லி. ஆக்கினால் செறிவு 0.0666 மோலார், 20 மி.லி.க்கு 13.3 மி.லி. காரம் போதும்.

எதிர்பார்க்கும் பருமன் 10 முதல் 30 மி.லி.க்குள் விழும்படி செறிவை அமைத்துக்கொள்ளுங்கள். பியூரெட்டின் மிகச் சிறிய பிரிவு 0.1 மி.லி. ஒரு சொட்டு ஏறத்தாழ 0.05 மி.லி. முடிவுநிலை 2 மி.லி.யில் வந்தால் ஒரு பிரிவுப் பிழைகூட 5 சதவீதம். 20 மி.லி.யில் வந்தால் அதே பிழை அரைச் சதவீதம்தான். மேல்பக்கம் 50ஐத் தாண்டினால் நடுவில் மறுபடி நிரப்ப வேண்டும். ஒரு தரம் பார்த்தலுக்கு இரண்டுக்குப் பதில் நான்கு அளவீடு எடுக்க வேண்டியிருக்கும், பிழையும் அதோடு சேர்ந்து கூடும்.

5. திட்டக் கரைசல்: 250 மி.லி. ஆக்சாலிக் அமிலம்

நம்பி எடை போடக்கூடிய ஒரு பொருளிலிருந்துதான் கணக்கு முழுவதும் கிளம்புகிறது. ஆக்சாலிக் அமிலப் படிகம் காற்றில் எளிதில் மாறாது. அதனால் அது இந்த வேலைக்கு உகந்தது.

படிகத்தில் இரண்டு மூலக்கூறு நீர் உண்டு. மூலக்கூறு எடை 126.07, சமான எடை 63.03. 250 மி.லி. 0.1 நார்மல் கரைசலுக்கு 63.03 × 0.1 × 0.25 = 1.576 கிராம் வேண்டும்.

இங்கே ஒரு விஷயம். தராசில் சரியாக 1.576 வர வேண்டும் என்று துளித்துளியாகக் கொட்டியும் எடுத்தும் நேரத்தை வீணாக்காதீர்கள். 1.5 முதல் 1.7 வரை எதுவும் வரட்டும். ஆனால் வந்த எடையைச் சரியாகக் குறியுங்கள். 1.612 கிராம் வந்தது என்று வைத்துக்கொள்வோம். 1.612 ÷ 63.03 = 0.02557. அதை 0.25ஆல் வகுத்தால் 0.1023 நார்மல். இனி இந்தக் கரைசலின் பெயர் 0.1023தான். கணக்கில் 0.1 என்று சுருக்கி எழுதினால், தராசில் பட்ட பாடெல்லாம் வீண்.

நீரற்ற அமிலத்தின் எடையான 90ஐ வைத்துச் சமான எடை 45 என்று போட்டால் இதே கரைசல் 0.143 நார்மல் என்று வரும். 40 சதவீதப் பிழை! பாட்டில் லேபிளில் உள்ள மூலக்கூறு எடையைப் பார்த்து எழுதுங்கள், நினைவிலிருந்து எழுதாதீர்கள்.

கரைக்கும் வரிசையும் முக்கியம். பீக்கரில் 100 மி.லி. அளவு நீரில் முழுவதும் கரைத்து, திட்டக் குடுவைக்கு மாற்றி, பீக்கரையும் புனலையும் இரண்டு மூன்று முறை அலசி அந்த நீரையும் உள்ளே சேர்த்து, அப்புறம் குறிவரை நீர் ஊற்ற வேண்டும். 250 மி.லி. நீரை அளந்து அதில் அமிலத்தைப் போடக் கூடாது. நமக்குத் தேவை 250 மி.லி. கரைசல், 250 மி.லி. நீர் அல்ல. குறியை எட்டியதும் மூடியைப் போட்டுப் பல முறை தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்குங்கள். கலக்காமல் விட்டால் கழுத்துப் பகுதியில் வெறும் நீரும் அடியில் செறிந்த கரைசலும் நிற்கும். அப்புறம் பிப்பெட்டில் எடுக்கும் ஒவ்வொரு 20 மி.லி.யும் ஒவ்வொரு விதமாக இருக்கும்.

சென்னை வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் நாட்டுத் தரத்தில் செய்த குடுவைகளில் 27 டிகிரி என்று பொறித்திருப்பார்கள். ஏசி இல்லாத ஆய்வகத்தில் மே மாதம் 35 டிகிரி இருந்தால் 250 மி.லி.யில் சுமார் 0.6 மி.லி. வித்தியாசம் வரும். எல்லாக் கரைசலையும் ஒரே அறையில், ஒரே வெப்பநிலையில் கையாண்டால் இது பெரும்பாலும் தன்னால் சரிக்கட்டிக்கொள்ளும். ஏசி அறையில் தயாரித்துவிட்டு வெளி அறையில் தரம் பார்ப்பதை மட்டும் தவிர்த்தால் போதும்.

6. எடையை நம்ப முடியாதவை: சோடியம் ஹைட்ராக்சைடு, அடர் அமிலம்

சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகளைச் சென்னைக் காற்றில் தட்டில் போட்டுவிட்டுத் திரும்பினால், அதற்குள் மேற்பரப்பு ஈரமாகியிருக்கும். கடற்கரை ஊரின் ஈரப்பதம் அப்படி. அதோடு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்து இழுத்துக் கொஞ்சம் கார்பனேட்டாகிவிடும். ஆகவே அதை எடை போட்டுச் செறிவைச் சொல்ல முடியாது. தோராயமாகத் தயாரித்து, ஆக்சாலிக் அமிலத்தால் தரம் பார்த்துத்தான் சொல்ல முடியும். பள்ளியில் இணைப்புக் கரைசல் என்று சொல்வது இதைத்தான்.

500 மி.லி. 0.1 நார்மலுக்குக் கணக்குப்படி 2 கிராம் போதும். ஈரத்துக்கு ஈடாக 2.2 கிராம் எடுங்கள். கரையும்போது கரைசல் சூடாகும். ஆறிய பிறகே குறிவரை நிரப்ப வேண்டும். சூட்டோடு நிரப்பினால் ஆறியதும் மட்டம் இறங்கும். கண்ணாடி பாட்டிலில் வைக்காமல் பிளாஸ்டிக் பாட்டிலில் மூடிவையுங்கள்.

அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு லேபிளில் இரண்டு எண்களைப் பாருங்கள்: சதவீதம், அடர்த்தி. 36 சதவீதம், 1.18 என்றால், 36 × 1.18 × 10 ÷ 36.46 = 11.65 மோலார். 500 மி.லி. 0.1 மோலார் கரைசலுக்கு 50 மில்லிமோல் வேண்டும். 50 ÷ 11.65 = 4.3 மி.லி. சதவீதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அடர்த்தியை விட்டுவிடுவது வழக்கமான தவறு. லேபிளில் உள்ள சதவீதம் எடைக்கு எடை. நாம் அளப்பதோ பருமன். இரண்டையும் இணைப்பது அடர்த்தி. திறந்து பயன்படுத்திவரும் பாட்டிலில் வாயு வெளியேறியிருக்கும் என்பதால் இந்த 4.3ம் தோராயம்தான். அளவு உருளையில் எடுத்தால் போதும்.

நீர் முதலில், அமிலம் பிறகு. அடர் அமிலத்தின் மேல் நீரை ஊற்றவே கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள். பிப்பெட்டை வாயால் உறிஞ்சும் பழக்கம் இன்னும் சில ஆய்வகங்களில் இருக்கிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள், ரப்பர் பல்பு அதற்குத்தான்.

7. நிறங்காட்டி

சோடியம் ஹைட்ராக்சைடோடு ஆக்சாலிக், அசிட்டிக் போன்ற வலிமை குறைந்த அமிலங்களுக்குப் பினாப்தலீன். அதன் நிறம் மாறும் எல்லை ஏறத்தாழ பி.எச். 8.2 முதல் 10 வரை. இந்தக் கரைசல்கள் நடுநிலையாகும்போது பி.எச். 7க்கு மேலேதான் நிற்கும் என்பதால் பொருந்துகிறது. கார்பனேட், பைகார்பனேட் இவற்றை அமிலத்தால் முழுவதும் தீர்க்க மெத்தில் ஆரஞ்சு. அதன் எல்லை 3.1 முதல் 4.4. வலிமை மிகு அமிலமும் வலிமை மிகு காரமும் என்றால் எது போட்டாலும் நடக்கும். வினிகருக்கு மெத்தில் ஆரஞ்சு போட்டால் காரத்தைச் சேர்க்கச் சேர்க்க நிறம் மெதுவாக மாறிக்கொண்டே போகும்; பாதி அமிலம்கூடத் தீராத நிலையிலேயே மஞ்சள் வந்துவிடும்.

இரண்டு சொட்டு போதும். நிறங்காட்டியே ஒரு வலிமை குறைந்த அமிலமோ காரமோதான். அதிகம் ஊற்றினால் அதுவும் பியூரெட் கரைசலில் பங்கு கேட்கும்.

8. எதை எதால் அலசுவது

பியூரெட்டையும் பிப்பெட்டையும் முதலில் நீரால், பிறகு அவற்றில் ஊற்றப்போகும் கரைசலால் அலசுங்கள். கூம்புக் குடுவையை நீரால் மட்டும் அலசுங்கள்.

காரணம் புரிந்தால் மறக்காது. பியூரெட்டிலும் பிப்பெட்டிலும் நமக்குச் செறிவு மாறக் கூடாது. பியூரெட்டில் 1 மி.லி. நீர் தங்கி, மேலே 49 மி.லி. காரம் ஊற்றினால் செறிவு 2 சதவீதம் குறையும், 20.0 வர வேண்டிய இடத்தில் 20.4 வரும். கூம்புக் குடுவையில் நமக்கு மாறக் கூடாதது மோல் எண்ணிக்கை. அதை அமிலத்தால் அலசி அரை மி.லி. தங்கிவிட்டால் 20 மி.லி.க்குப் பதில் 20.5 மி.லி. அமிலம் இருக்கும். நீர் தங்கினால் ஒன்றும் ஆகாது. உள்ளே இருக்கும் மில்லிமோல் அப்படியேதான் இருக்கும். "குடுவையில் 30 மி.லி. நீர் சேர்த்தேன், அதையும் வி1இல் கூட்ட வேண்டுமா?" என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில்: கூட்ட வேண்டாம். பிப்பெட் அளந்தது 20 என்றால் வி1 20தான்.

9. தரம் பார்த்தல்

சோடியம் ஹைட்ராக்சைடைப் பியூரெட்டில் வைத்து, அமிலத்தைக் கூம்புக் குடுவையில் எடுப்பதே என் விருப்பம். நிறமற்ற கரைசலில் வெளிர் சிவப்பு தோன்றுவதைக் கண் எளிதில் பிடிக்கும். சிவப்பு மறைவதை அவ்வளவு சரியாகப் பிடிக்காது. முதலில் ஆக்சாலிக் அமிலம், அடுத்து தெரியாத அமிலம் என்று செய்யும் இரண்டு தரம் பார்த்தலுக்கும் அதே பியூரெட்டைத் திரும்ப அலசாமல் பயன்படுத்தலாம் என்பது கூடுதல் வசதி. உங்கள் பள்ளியில் அமிலத்தைப் பியூரெட்டில் வைக்கச் சொன்னால் அப்படியே செய்யுங்கள். கணக்கு மாறாது, வி1, வி2 எவை என்பது மட்டும் இடம் மாறும்.

நிரப்பியதும் திருகை ஒரு கணம் முழுவதும் திறந்து, நுனியில் உள்ள காற்றுக் குமிழை வெளியேற்றுங்கள். தரம் பார்க்கும் நடுவில் அந்தக் குமிழ் வெளியேறினால் அதன் பருமனும் நம் கணக்கில் ஏறிவிடும். மேலே வைத்த புனலை எடுத்துவிடுங்கள்; அதிலிருந்து சொட்டும் ஒரு சொட்டும் அளவீட்டைக் கெடுக்கும். கண்ணை மட்டத்துக்கு நேராக வைத்து, கரைசலின் கீழ் வளைவைப் படியுங்கள்.

முதல் முறை வேகமாகச் செய்து எங்கே முடிகிறது என்று பாருங்கள். இங்கே நாலாம் படியில் எழுதிய எண் கைகொடுக்கும்: அதற்கு 2 மி.லி. முன்வரை தாராளமாக விடலாம், பிறகு சொட்டுச் சொட்டாக. வெளிர் சிவப்பு அரை நிமிடம் நிலைத்தால் முடிவுநிலை. கொஞ்ச நேரம் கழித்து நிறம் மங்கும். அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைவதால். மங்கிவிட்டதே என்று இன்னொரு சொட்டு விடாதீர்கள்.

அளவீடுகள் 19.9, 19.5, 19.5 என்று வந்தால் எடுத்துக்கொள்ள வேண்டியது 19.5. முதலில் வந்த 19.9 தோராய அளவீடு; அதைச் சேர்த்துச் சராசரி எடுப்பது தவறு. அடுத்தடுத்த இரண்டு அளவீடுகள் ஒத்துவரும்வரை செய்யுங்கள். ஒத்துவராத மூன்றைக் கூட்டி மூன்றால் வகுப்பதால் எதுவும் சரியாகிவிடாது.

10. கணக்கு: இரண்டு தரம் பார்த்தல், ஒரு சங்கிலி

முதல் தரம் பார்த்தல். ஆக்சாலிக் அமிலம் 20.0 மி.லி., 0.1023 நார்மல். சோடியம் ஹைட்ராக்சைடு 19.5 மி.லி. செலவானது.

20.0 × 0.1023 = 19.5 × என்2. என்2 = 2.046 ÷ 19.5 = 0.1049 நார்மல்.

இப்போது எதிர்பார்ப்போடு ஒப்பிடுங்கள். 500 மி.லி.யில் 2.2 கிராம் போட்டோம். வில்லை முழுவதும் சோடியம் ஹைட்ராக்சைடு என்றால் 0.11 நார்மல், எதிர்பார்த்த பருமன் 18.6. வந்தது 19.5. அதாவது எடை போட்டதில் கிட்டத்தட்ட 0.1 கிராம் ஈரமும் கார்பனேட்டும். ஈரப்பதம் மிகுந்த ஊரில் இது நம்பக்கூடிய வித்தியாசம்தான். 25 மி.லி. வந்திருந்தால் நம்பியிருக்கக் கூடாது.

இரண்டாம் தரம் பார்த்தல். தெரியாத ஹைட்ரோகுளோரிக் அமிலம் 20.0 மி.லி. அதே சோடியம் ஹைட்ராக்சைடு 17.8 மி.லி.

20.0 × என்1 = 17.8 × 0.1049. என்1 = 1.867 ÷ 20.0 = 0.0934 நார்மல்.

லிட்டருக்கு எடை: 0.0934 × 36.46 = 3.40 கிராம். கேள்வியில் 250 மி.லி.யில் உள்ள எடை கேட்டிருந்தால் அதை நான்கால் வகுக்க வேண்டும்: 0.85 கிராம். லிட்டர் எடையோடு நிறுத்திவிட்டு மதிப்பெண்ணை விட்டவர்கள் ஏராளம். கேள்வித்தாளில் "முழுக் கரைசலில்" என்று இருக்கிறதா, "ஒரு லிட்டரில்" என்று இருக்கிறதா என்று விரலை வைத்துப் படியுங்கள்.

நடுவில் 0.1049ஐ 0.10 என்று சுருக்காதீர்கள். கடைசி வரியில் மட்டும் மூன்று இலக்கத்துக்குச் சுருக்குங்கள். பியூரெட் 17.8 என்று மூன்று இலக்கம்தான் தருகிறது; விடையில் ஏழு இலக்கம் எழுதுவதற்கு நம்மிடம் ஆதாரம் இல்லை.

11. நீர்த்த மடங்கைத் திரும்பச் சேர்த்தல்

வினிகருக்கு வருவோம். 25 மி.லி.யை 250 ஆக்கி, அதில் 20 மி.லி. எடுத்து, 0.1049 சோடியம் ஹைட்ராக்சைடால் தரம் பார்க்கிறோம். காரத்தின் செறிவு மாறியதால் எதிர்பார்ப்பையும் திருத்த வேண்டும்: 1.332 ÷ 0.1049 = 12.7 மி.லி. வந்தது 12.9 என்று கொள்வோம்.

12.9 × 0.1049 = 1.353 மில்லிமோல். 20ஆல் வகுத்தால் 0.0677 மோலார். இது நீர்த்த வினிகர். மூல வினிகர் 0.677 மோலார். 60.05ஆல் பெருக்க, லிட்டருக்கு 40.6 கிராம். 100 மி.லி.க்கு 4.06 கிராம்.

மடங்கு என்பது 250 ÷ 25 = 10. பிப்பெட்டில் எடுத்த 20 மி.லி.யை இதற்குள் இழுத்து 250 ÷ 20 என்று வகுப்பவர்கள் இருக்கிறார்கள். 20 மி.லி. செறிவை மாற்றவில்லை, அது மாதிரி அளவு மட்டுமே. செறிவை மாற்றிய படி எதுவோ அதை மட்டும் மடங்கில் சேருங்கள்.

12. பக்கத்தில் உள்ள ஒரு கணக்கு: போர் தண்ணீரின் காரத்தன்மை

இதே முறை சென்னைக் குடியிருப்புகளில் நேரடியாகப் பயன்படும். போர் தண்ணீரின் மொத்தக் காரத்தன்மையைப் பார்க்க 0.02 நார்மல் சல்பியூரிக் அமிலம் வேண்டும். 98 சதவீத அமிலம் சுமார் 36.8 நார்மல். ஒரு லிட்டர் 0.02 நார்மலுக்கு நேராகக் கணக்கிட்டால் 20 ÷ 36.8 = 0.54 மி.லி. இவ்வளவு சிறிய பருமனை அளவு உருளையில் அளக்க முடியாது.

அதனால் இரண்டு படி. முதலில் 2.7 மி.லி. அடர் அமிலத்தை நீரில் மெதுவாகச் சேர்த்து ஒரு லிட்டராக்குங்கள். இது ஏறத்தாழ 0.1 நார்மல். உலர்த்திய சோடியம் கார்பனேட் 1.325 கிராமை 250 மி.லி.யில் கரைத்தால் 0.1 நார்மல், சமான எடை 53. அதில் 20 மி.லி.க்கு மெத்தில் ஆரஞ்சு போட்டு, அமிலம் 19.4 மி.லி. செலவானால் அமிலம் 0.1031 நார்மல். இப்போது ஒரு லிட்டர் 0.02க்கு எவ்வளவு? 1000 × 0.02 ÷ 0.1031 = 194.0 மி.லி. 50 மி.லி. பிப்பெட்டில் மூன்று முறை, மீதி 44.0 பியூரெட்டில் எடுத்து, திட்டக் குடுவையில் ஒரு லிட்டராக்குங்கள். கண்ணை மூடிக்கொண்டு 200 மி.லி. ஊற்றியிருந்தால் முடிவு எல்லாமே 3 சதவீதம் தள்ளிப்போயிருக்கும்.

100 மி.லி. தண்ணீர் மாதிரி எடுத்தால், இந்த அமிலம் 1 மி.லி. செலவாவது லிட்டருக்கு 10 மி.கி. கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். 0.02 × 50 = 1 மி.கி., அது 100 மி.லி.யில், லிட்டருக்குப் பத்து மடங்கு. முதலில் பினாப்தலீன் போடுங்கள். நிறம் வரவில்லை என்றால் இருப்பது பைகார்பனேட்தான். அப்புறம் மெத்தில் ஆரஞ்சு. 31.5 மி.லி.யில் முடிந்தால் 315 மி.கி. குடிநீருக்கான இந்தியத் தரம் 200 மி.கி.யை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் ஆதாரம் இல்லாதபோது 600 வரை அனுமதிக்கத்தக்கதாகவும் வைத்திருக்கிறது. பருமன் 50ஐத் தாண்டும் என்று தெரிந்தால் மாதிரியை 50 மி.லி. ஆக்கி, 10க்குப் பதில் 20ஆல் பெருக்குங்கள்.

13. விடை பொருந்தாதபோது எங்கே தேடுவது

எதிர்பார்த்ததற்கும் வந்ததற்கும் உள்ள விகிதமே தவறின் இருப்பிடத்தைக் காட்டிவிடும்.

சரியாக இரண்டு மடங்கு அல்லது பாதி என்றால் மோல் விகிதம், அல்லது மோலாரிட்டியும் நார்மாலிட்டியும் கலந்த இடம், அல்லது கார்பனேட்டுக்குத் தவறான நிறங்காட்டி. பத்து மடங்கு என்றால் நீர்த்த படி விட்டுப்போயிருக்கிறது. ஆயிரம் மடங்கு என்றால் மி.லி.யும் லிட்டரும். 40 சதவீதம் கூடுதல் என்றால் படிக நீர். இவை எல்லாம் தாளில் நடந்தவை; மறுபடி தரம் பார்க்கத் தேவையில்லை, கணக்கைத் திருத்தினால் போதும்.

1 முதல் 3 சதவீதம் என்றால் தவறு கையில்: அலசல், காற்றுக் குமிழ், முடிவுநிலையைத் தாண்டியது, கலக்காத திட்டக் குடுவை. இதைக் கணக்கில் திருத்த முடியாது. அளவீடுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவந்தும் எதிர்பார்ப்பிலிருந்து ஒரே அளவு தள்ளியிருந்தால் கரைசலில் கோளாறு. பியூரெட்டையும் பிப்பெட்டையும் அலசி, கரைசலைக் கலக்கி மறுபடி எடுங்கள். அளவீடுகளே சிதறியிருந்தால் கோளாறு தரம் பார்க்கும் விதத்தில். அப்போது திருகைக் கொஞ்சம் மெதுவாகத் திறந்து, கடைசி 2 மி.லி.யைச் சொட்டுச் சொட்டாக விட்டு இன்னொரு முறை செய்து பாருங்கள்.